கழுவிய நீருக்கும் ஒரு தட்டு

வீராம்பட்டினத்தில் பிறந்தவள் நான். ஏழெட்டு வயதிலேயே அம்மாவோடு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்திருக்கிறேன். தலையைக் கிள்ளி ஓர் இழு. குடல் தலையோடு சேர்ந்து வந்துவிடும். கண் வேறெங்கோ இருக்க, விரல் பாட்டுக்கு ஒரு கூடையைத் தீர்த்துவிடும். அதனால், கொசுவின் வயிற்றிலிருந்து குடலை முழுசாக வெளியே எடுப்பதுதான் உன் முதல் வேலை என்று ஆய்வுக்கூடத்தில் சொன்னபோது எனக்குப் பயம் வரவில்லை. நெத்திலியைவிடச் சின்னது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். முதல் முழுக் குடல் என் ஊசி முனையில் வந்தது ஆறாவது வாரத்தில்.

அது ஒரு சிறிய கூடம். இரண்டு மைக்ராஸ்கோப், ஒரு இன்குபேட்டர், கொசு வளர்க்கும் ஓர் அறை. புதுச்சேரி கிராமங்களில் பிடித்த கொசுக்களின் குடலில் என்னென்ன பாக்டீரியா வாழ்கின்றன என்று பார்ப்பதே அங்கே வேலை. நுண்ணுயிரியலில் முதுகலை முடித்துவிட்டுப் பயிற்சிக்குச் சேர்ந்த எனக்குக் கையைப் பழக்கியவர் பட்டம் பெற்ற ஆய்வாளர் அல்லர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கொசு பிடித்தே தலை நரைத்தவர். 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் யானைக்கால் நோயை ஒடுக்க நடந்த பெரிய கொசு ஒழிப்புத் திட்டத்தின்போது, இளைஞராக வீடு வீடாக ஏறி இறங்கியவர். நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்றே அழைத்தோம்.

ஐயா எனக்கு முதலில் கொடுத்தது ஊசியை அல்ல, ஒரு கண்ணாடிக் குழாயை. ஒரு முனையில் ரப்பர்க் குழாய், நடுவில் வலைத்துணி. ரப்பர் முனையை வாயில் வைத்து மூச்சை இழுத்தால், கூண்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசு குழாய்க்குள் வந்துவிடும். ஆஸ்பிரேட்டர் என்பார்கள். பலமாக இழுத்தால் கொசு வலைத்துணியில் மோதிக் கால் உடையும். மெதுவாக இழுத்தால் பறந்துவிடும். சூடான தேநீரை உதட்டு நுனியில் உறிஞ்சிப் பார்ப்போமே, அந்த அளவு மூச்சுதான் வேண்டும். முதல் வாரம் முழுவதும் நான் பிடித்ததில் பாதி நொண்டிக் கொசுக்கள். ஐயா திட்டவில்லை. கால் உடைந்ததை ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளில் எடுத்து வைத்து, "எண்ணு" என்று மட்டும் சொல்வார். எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவேன்.

பிறகு ஊசி. கொசுவைக் குளிரில் மயக்கி, 70 சதவீத ஆல்கஹாலில் முக்கி, கிருமி நீக்கிய உப்புநீரில் மூன்று முறை கழுவி, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டு உப்புநீரில் படுக்க வைக்க வேண்டும். இடக்கை ஊசி மார்பில் நிற்கும். வலக்கை ஊசி வயிற்றின் கடைசி இரண்டு வளையங்களைப் பிடித்து இழுக்கும். நான் நெத்திலி இழுப்பு இழுத்தேன். வால் முனை தனியாக வந்தது, குடல் உள்ளேயே நின்றது. மறுநாள் இன்னும் வேகமாக இழுத்தேன். குடல் நடுவில் அறுந்து, உள்ளே இருந்ததெல்லாம் சொட்டில் கலங்கியது. மூன்றாம் நாள் மின்விசிறியை அணைக்க மறந்தேன். நான் ஊசியைச் சரிசெய்வதற்குள் சொட்டு காய்ந்து குடல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இப்படியே நான்கைந்து வாரம். வீட்டுக்குப் போனால் அம்மா ஆயும் மீனைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் ஐயா என் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை தெரிஞ்ச வேலைய செய்யுதும்மா. தெரியாத வேலைன்னு அதுக்குச் சொல்லு. கொஞ்சம் இழு, நில்லு. அது வழி விடும். அப்புறம் இன்னும் கொஞ்சம்." வளையத்தின் இரு பக்கமும் முதலில் சின்னதாக ஒரு கீறல் போட வைத்தார். இழுத்தேன், நின்றேன். ஊசி முனையில் ஒரு கனம் தெரிந்தது. ஈர நூல் அறுவதற்கு முன் விரலில் ஒரு விறைப்பு வருமே, அதில் நூறில் ஒரு பங்கு. அந்த விறைப்பு தளரும்வரை காத்திருந்தேன். மறுபடி இழுத்தேன். கண்ணாடி போன்ற ஒரு குழாய், மேலே வெள்ளிக் கோடுகளாய் மூச்சுக் குழல்கள், கீழே விரல்களைப்போல விரிந்த ஐந்து கழிவுநீர்க் குழல்கள். கொசுவுக்கு அவை ஐந்துதான். "அஞ்சையும் எண்ணு. ஒண்ணு குறைஞ்சாலும் எங்கயோ கிழிச்சிருக்கேன்னு அர்த்தம்" என்றார். இன்றும் ஒவ்வொரு குடலிலும் எண்ணுகிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்று அம்மா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். டெங்கு வந்தவரைக் கடித்த ஏடிஸ் கொசு உடனே மற்றவருக்கு நோயைக் கொடுத்துவிடாது. இரத்தத்தோடு போன வைரஸ் முதலில் குடல் சுவரின் செல்களுக்குள் நுழைந்து பெருக வேண்டும். அங்கிருந்து உடல் முழுவதும் பரவி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். அதற்கு எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். அந்தப் பயணத்தின் முதல் வாசல் குடல். அந்த வாசலில் வைரஸ் தனியாக நிற்பதில்லை. ஏற்கெனவே அங்கே பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. இரத்தம் குடித்ததும் அவை பல மடங்கு பெருகுகின்றன. சில வாசலை அடைக்கின்றன, சில திறந்துவிடுகின்றன. 2008இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை நீக்கிய கொசுக்களில் டெங்கு வைரஸ் கூடுதலாகப் பெருகுவதைக் காட்டினார்கள். குடலில் பாக்டீரியா இருப்பதாலேயே கொசுவின் எதிர்ப்பாற்றல் விழித்திருக்கிறது. அந்த விழிப்பு வைரஸையும் தடுக்கிறது என்பது அவர்கள் முடிவு. இதற்கு நேர்மாறாக, 2012இல் புனே ஆய்வாளர்கள், ஏடிஸ் கொசுவின் குடலில் வாழும் செராஷியா ஓடோரிஃபெரா என்ற பாக்டீரியா டெங்கு வைரஸுக்குத் துணைபோவதாக எழுதினார்கள். 2019இல் சீன ஆய்வாளர்கள் அதன் உறவான செராஷியா மார்செசென்ஸ் அதை எப்படிச் செய்கிறது என்று கண்டார்கள்: அது சுரக்கும் ஒரு புரதம் குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தைக் கரைக்கிறது, வைரஸுக்கு வழி திறக்கிறது.

என் மிகப் பெரிய தவறு இந்த செராஷியாவில்தான் நடந்தது.

ஆடித் தேருக்குச் சில வாரம் முன்பு எங்கள் ஊரிலேயே கொசுப் புழு எடுக்கப் போனோம். செங்கழுநீர் அம்மன் தேர் என்றால் வெளியூர் உறவெல்லாம் வரும். வீட்டுக்கு வீடு டிரம்மிலும் குடத்திலும் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளின் அடியில் தேங்கிய மழைநீர், படகின் பக்கவாட்டில் கட்டிய பழைய டயர், மூடி உடைந்த ஐஸ் பெட்டி, எல்லாவற்றிலும் ஏடிஸ் புழு நெளிந்தது. கூண்டில் கொசுவாக வெளிவந்தபின் குடலை எடுத்து, நசுக்கி, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் தடவினேன். தட்டுகளை 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தேன். மறுநாள் வெள்ளைப் புள்ளிகள். இன்குபேட்டரில் இடமில்லாமல் மேசையிலேயே விட்டுவைத்த தட்டுகளில் அழகான இரத்தச் சிவப்புப் புள்ளிகள். இரண்டு வகை பாக்டீரியா கிடைத்துவிட்டது என்று எழுதினேன். ஐயா ஒரு வெள்ளைத் தட்டை எடுத்து, அதிலிருந்து புதுத் தட்டில் கோடிழுத்து, மேசையில் வைத்தார். இரண்டு நாளில் சிவந்தது. செராஷியா மார்செசென்ஸ் இதமான சூட்டில் சிவப்பு நிறமி சுரக்கும். 37 டிகிரியில் அந்த நிறமி அடங்கிவிடும். என் இரண்டு வகையும் ஒன்றே.

அது சின்னப் பிழை, திருத்திக்கொண்டேன். அதற்குப் பின் வந்ததுதான் இன்றும் வலிக்கிறது. இருபத்திரண்டு கொசுக்களின் குடலில் பத்தொன்பதில் சிவப்புப் புள்ளி. எங்கள் ஊர்க் கொசுவின் வயிற்றில் டெங்குவுக்கு வழி திறக்கும் பாக்டீரியா இருக்கிறது என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் விற்கும் இடத்தில் சொன்னார். 2006இல் சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு மீன் கூடையைத் தலைக்குத் தூக்க முடியாமல் கிடந்த பெண்கள் அவர்கள். அதை லேசாகக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் தெருவே பேசியது.

ஐயா தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது யாருதும்மா?" என்றார்.

"கொசுவோடதுதான் ஐயா."

"தண்ணியக் கேட்டியா?"

எனக்குப் புரியவில்லை. மூன்றாம் முறை கொசுவைக் கழுவிய உப்புநீரை ஒரு தட்டில் ஊற்றிப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்திருக்கவில்லை. கழுவிய நீருக்கும் ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று பாடத்தில் படித்தவள்தான் நான். தட்டு வீணாகிறதே என்று விட்டிருந்தேன். அன்று அவர் நான்கு தட்டு வைக்கச் சொன்னார்: கழுவிய நீருக்கு ஒன்று, உப்புநீர்ப் புட்டிக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, என் விரல் நுனிக்கு ஒன்று. இரண்டாம் நாள் புட்டியின் தட்டு முழுக்கச் சிவப்பு. கழுவிய நீரின் தட்டும் அப்படியே. ஒரே புட்டியைத் தினமும் திறந்து திறந்து மூடியதில் எந்த நாளிலோ அது உள்ளே இறங்கியிருக்கிறது. கொசுவைக் கழுவுவதாக நினைத்து ஒவ்வொரு கொசுவுக்கும் நானே செராஷியாவைப் பூசியிருக்கிறேன்.

குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களைக் கிழிக்கப் போனேன். ஐயா கையைப் பிடித்துக்கொண்டார். "கிழிக்காத. ஒரே ஒரு கோடு போடு, கீழ உள்ளது தெரியணும். பக்கத்துல காரணத்த எழுது." எழுதினேன். அன்று மாலை மீன் விற்கும் இடத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்று, நான் சொன்னது தவறு, பாக்டீரியா என் புட்டியில் இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். வேதனையாக இருந்தாலும் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் எனக்குச் சுத்தத்தின் மேல் ஒரு வெறி வந்துவிட்டது. அதுவும் ஒரு தோல்வியில்தான் போய் முடிந்தது. பாக்டீரியாவே இல்லாத கொசுவை வளர்த்துவிட்டால் எந்தக் குழப்பமும் இருக்காதே என்று நினைத்தேன். ஏடிஸ் முட்டைகளை பிளீச்சிங் திரவத்தில் கழுவி, உயரழுத்த நீராவியில் வைத்தெடுத்த தண்ணீரில் இட்டு, உணவையும் அப்படியே கிருமி நீக்கிப் போட்டேன். முட்டைகள் பொரிந்தன. கண் இமை மயிர்போல் மெலிந்த புழுக்கள் நெளிந்தன. மூன்றாம் நாளும் அதே அளவு. ஐந்தாம் நாளும். எட்டாம் நாள் ஒவ்வொன்றாகச் செத்து அடியில் படிந்தன. உணவைக் கூட்டினேன், குறைத்தேன், புட்டியை மாற்றினேன். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் செத்தன.

நான்காம் முறை ஐயா வந்தார். வளர்ப்பு அறையில் சாதாரணப் புழுக்கள் கிடக்கும் தட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து, என் புட்டிகளில் பாதிக்கு மட்டும் விட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் அந்தப் பாதியில் புழுக்கள் தோலுரித்தன. ஒன்றரை வாரத்தில் கூட்டுப்புழு ஆயின. மறு பாதி அப்படியே நின்று செத்தது. எனக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது அந்த நேரத்தில்தான். பாக்டீரியாவை அழுக்கு என்றே பார்த்துப் பழகியிருந்தேன். கொசுவுக்கு அது வளர்ப்புத் தாயைப் போல. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் 2014இல் இதையே சோதித்து எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். தகுந்த ஊட்டத்தை வகையாகக் கொடுத்தால் பாக்டீரியா இல்லாமலும் வளர்க்கலாம் என்று பின்னர் வேறு சிலர் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது எளிய வேலை இல்லை.

வைரஸை நான் தொட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கான பாதுகாப்பு அறை எங்கள் கூடத்தில் இல்லை. குடலில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒழுங்காகக் கணக்கெடுப்பதே எங்கள் பங்கு. கணக்கு தப்பினால் அதற்கு மேல் கட்டுவதெல்லாம் தப்பும்.

அந்தக் கணக்கிலும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. சாக்கடைக் கொசுவான க்யூலெக்ஸில் வோல்பாகியா என்ற பாக்டீரியா இயல்பாகவே உண்டு என்று படித்துவிட்டு, அதைத் தட்டில் முளைக்க வைக்க நான் ஒரு மாதம் முயன்றேன். எதுவும் வரவில்லை. இந்தக் கொசுக்களில் வோல்பாகியா இல்லை என்று எழுதிக் காட்டினேன். ஐயா பேனாவை வாங்கி, 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 'தட்டில் முளைக்கவில்லை' என்று எழுதினார். வோல்பாகியா உயிருள்ள செல்லுக்கு வெளியே வளராது. குடலின் உட்குழியில் அதற்கு வேலையில்லை. செல்லுக்குள்ளேயே இருந்து, முட்டை வழியாக, தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்குப் போகிறது. தாய்வீட்டுச் சீதனம்போல. அதைத் தேட மரபணுச் சோதனையான பிசிஆர் வேண்டும். செய்தபோது, முன்பு 'இல்லை' என்று எழுதிய கொசுக்களின் உடன்பிறப்புகளில் இருந்தது.

1924இல் அமெரிக்க ஆய்வாளர்களான ஹெர்டிக்கும் வோல்பாக்கும் க்யூலெக்ஸ் கொசுவில்தான் அதை முதலில் கண்டார்கள். வோல்பாகியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. பெண்ணிடம் இருந்தால் பொரியும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை அது பரவுகிறது. 1967இல் ரங்கூனுக்கு அருகே ஓக்போ என்ற கிராமத்தில், இந்தப் பொருந்தாமையைக் கொண்டே லாவன் என்ற ஜெர்மானியர் க்யூலெக்ஸ் கொசுவை ஒழித்துக் காட்டினார். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் இயல்பாக இது இல்லை. பழ ஈயிலிருந்து எடுத்து அதற்குள் செலுத்தியபோது கொசுவில் வைரஸ் பெருகுவது குறைந்தது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த முடிவு 2021இல் வெளியானது.

இதில் புதுச்சேரிக்கும் பங்குண்டு. இந்திரா நகரில் 1975 முதல் இயங்கும் ஐசிஎம்ஆரின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வோல்பாகியா உள்ள சுமார் 10,000 முட்டைகளை வாங்கி வளர்த்து, அந்தப் பெண் கொசுக்களை நம் ஊர் ஆண்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, பாக்டீரியா மட்டும் அயலாக, மற்றதெல்லாம் புதுச்சேரியாக உள்ள கொசு வகைகளை உருவாக்கியதாக 2022 ஜூலையில் அறிவித்தது. டபிள்யூமெல், டபிள்யூஅல்ப்பி என்ற இரண்டு வகை வோல்பாகியாவையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது எவ்வளவு நல்ல முடிவு என்பதை எங்கள் கடற்கரையில் நின்றால் உணரலாம். டபிள்யூமெல் வெப்பத்துக்குப் பலவீனமானது. புழு கிடக்கும் நீர் பகலில் 37 டிகிரி வரை ஏறி இறங்கினால் அது கொசுவின் உடலில் மெலிந்துபோகும். டபிள்யூஅல்ப்பி அதைவிடத் தாங்கும். சித்திரை வெயிலில் படகின் டயருக்குள் கை விட்டுப் பார்த்தவள் நான். விரலை அதில் வைத்திருக்க முடியவில்லை.

என் பாட்டிக்கு யானைக்கால் இருந்தது. அந்த நோயைக் கொண்டுவரும் ஃபைலேரியா புழுவின் உடலிலும் ஒரு வகை வோல்பாகியா இருக்கிறது. அது இல்லாமல் அந்தப் புழு செழிக்காது. ஒரே குடும்பப் பெயர். ஓரிடத்தில் பாட்டியின் காலை வீங்க வைத்த புழுவுக்குத் துணை, இன்னோரிடத்தில் டெங்குவுக்குத் தடை. இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. 1980களில் அவர் வாசல் வாசலாகப் பார்த்த கால்களை நினைத்திருப்பார்.

சென்ற மாதம் முப்பது கொசுக்களை எடுத்தேன். முப்பதிலும் குடல் முழுசாக வந்தது, ஐந்து குழல்களோடு. புதுப் புட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அடைத்த உப்புநீர். இரண்டாம் நாள் குடல் தட்டுகளில் வெள்ளை, மஞ்சள், பழுப்பு எனப் பலவிதப் புள்ளிகள். முப்பது கழுவிய நீரின் தட்டுகளிலும் ஒன்றுமே இல்லை. ஐயா கழுவிய நீரின் தட்டுகளைத்தான் முதலில் பார்த்தார், ஒவ்வொன்றாக, வெளிச்சத்தில் தூக்கி. பிறகு குறிப்பேட்டை என் பக்கம் நகர்த்தி, "எழுதும்மா, கொசுவோடதுன்னு" என்றார்.

வீராம்பட்டினத்துக்கு மழைக்கு முன் மறுபடியும் வருவோம். கையில் கரண்டியும் பிப்பெட்டும் வைத்துக்கொண்டு யாராவது உங்கள் வீட்டு டிரம்மிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் கேட்டால் தயவுசெய்து கொடுங்கள். கொடுத்துவிட்டு மீதியைக் கொட்டி, டிரம்மின் உட்புறத்தை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. ஏடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி வைக்கிறது; காய்ந்தாலும் அது பல மாதம் உயிரோடிருக்கும்.